திரைக்கு முன்னால் ஒரு ஆள்

1931-இல் யுனிவர்சல் எடுத்த ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ படத்தில் பெயர்ப்பட்டியல் ஓடுவதற்கு முன்பே ஒருவர் வந்துவிடுகிறார். மேடைத் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு வெளியே வந்து நின்று, நேராக நம்மைப் பார்த்துப் பேசுகிறார். யுனிவர்சல் முதலாளி கார்ல் லெம்லி ஒரு வார்த்தை சொல்லிவிடச் சொன்னாராம்: இந்தக் கதை உங்களைத் திடுக்கிட வைக்கலாம், நடுங்கக்கூட வைக்கலாம், தாங்காது என்று நினைப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டோம் என்கிற தோரணையில் முடித்துக்கொள்கிறார். பேசியவர் எட்வர்ட் வான் ஸ்லோன். கொஞ்ச நேரத்தில் அவரே படத்துக்குள் பேராசிரியராக வந்து, பிணங்களை ஒட்டுப்போட்டு உயிர் கொடுத்த அந்த உருவத்தின் கையாலேயே சாகவும் செய்வார்.

வீட்டில் லேப்டாப்பில் பார்க்கும்போது இது ஒரு பழங்காலத்து வேடிக்கை, அவ்வளவுதான். நாலு பேரோடு தியேட்டரில் உட்கார்ந்து பார்த்தால் கதையே வேறு. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்குக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில், ஹாலோவீனை ஒட்டி மூன்று நாள் பழைய பேய்ப் படங்களாகவே போடுகிறார்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் கறுப்பு மேலங்கியும் வெள்ளைப் பூச்சு முகமுமாக ஒருவர் மைக் பிடித்து மேடைக்கு வருவார். சனிக்கிழமை மாலை அவர், “இதயம் பலவீனமானவர்கள் வெளியே போய்விடுங்கள், ஆனால் பாப்கார்ன் வாங்கிவிட்டுப் போங்கள்” என்று சொல்லிவிட்டு இறங்கினார். விளக்கு அணைந்தது. திரையில் வான் ஸ்லோன் வந்து அதே எச்சரிக்கையைத் தொண்ணூறு வருஷத்துக்கு முந்தைய குரலில் ஆரம்பித்தார். அரங்கமே சிரித்தது. பின்னால் ஒரு கிழவர், “அதான் ஏற்கெனவே சொல்லிட்டாங்களேப்பா” என்று திரையைப் பார்த்துச் சொன்னார்.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தப் படங்கள் ஒரு நாளும் தனியாக வந்ததில்லை. எப்போதும் முன்னால் ஒரு ஆள் நின்று, உள்ளே என்ன இருக்கிறது தெரியுமா என்று கூவியிருக்கிறார். அந்த ஆளை நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தால், இதற்கா அந்தக் காலத்தில் பயந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆளோடு சேர்த்துப் பார்த்தால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். ஒரே மெயின் ஸ்ட்ரீட். வன்பொருள் கடை ஒன்று, முடிதிருத்தகம் ஒன்று, இரண்டு மூன்று காலிக் கடைகள், நடுவில் தியேட்டர். ஒரே திரை. பால்கனியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். வாசல் மேலே பிளாஸ்டிக் எழுத்துகளை ஏணி வைத்து ஒவ்வொன்றாக மாட்டும் பழைய பலகை. படத்தின் பெயரில் ஓர் எழுத்து பற்றாமல் போனதால் ‘5’ என்ற எண்ணை ‘எஸ்’ எழுத்துக்குப் பதிலாகச் சொருகியிருந்தார்கள். டிக்கெட் கிழிப்பவர், பாப்கார்ன் போடுபவர், மேலங்கிக்காரர் எல்லோருமே சம்பளம் இல்லாமல் வந்து வேலை செய்கிற ஊர்க்காரர்கள். பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போவதற்கு இந்தப் பக்கத்து ஊர்களில் உள்ளூர் நிர்வாகமே நேரம் குறித்துவிடும், பெரும்பாலும் மாலை ஆறிலிருந்து எட்டு. எட்டு மணி அடித்ததும் பூனை, சூனியக்காரி, தீயணைப்பு வீரர் எல்லாம் மிட்டாய்ப் பையோடு அப்படியே தியேட்டருக்குள் நுழைகிறார்கள். 2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்தன. அன்றைக்கு எங்கள் வீட்டில் எது முதலில் என்று நடந்த பஞ்சாயத்தை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

இப்படிப்பட்ட ஒற்றைத் திரை அரங்குகள் பிழைத்திருப்பதே ஆச்சரியம். 2013 வாக்கில் பெரிய ஸ்டூடியோக்கள் ஃபிலிம் சுருள் அனுப்புவதை நிறுத்த ஆரம்பித்தன. டிஜிட்டல் ப்ரொஜெக்டர் வாங்க வேண்டுமென்றால் ஒரு திரைக்கு அறுபது, எழுபதாயிரம் டாலர் ஆனது. நிறைய சின்ன ஊர் முதலாளிகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கடையைச் சாத்தினார்கள். சிலர் வேறு வழி தேடினார்கள். இதே பென்சில்வேனியாவில் லீஹைட்டன் பக்கம் மஹோனிங் என்றொரு திறந்தவெளித் திரையரங்கு, 1949-இல் தொடங்கியது. காரில் உட்கார்ந்தபடியே படம் பார்க்கலாம். புதுப் படமே வேண்டாம், பழைய 35 மி.மீ. சுருள்களை மட்டும் ஓட்டுவோம் என்று அவர்கள் துணிந்தார்கள். இன்று அதைப் பார்க்கவே மாநிலம் விட்டு மாநிலம் ஆள் வருகிறது. ஃபீனிக்ஸ்வில் என்ற ஊரில் கலோனியல் தியேட்டர். 1958-இல் வந்த ‘தி ப்ளாப்’ படத்தில், கூழ் மாதிரி ஒன்று ப்ரொஜெக்டர் அறை வழியாகப் புகுந்ததும் ஜனங்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடுவது இந்தத் தியேட்டரிலிருந்துதான். இப்போது ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே விழா எடுத்து, டிக்கெட் வாங்கிய ஜனங்கள் அதே வாசல் வழியாக அலறிக்கொண்டு ஓடிவருகிறார்கள். ஓடுவதற்குக் காசு கொடுக்கிறார்கள் என்று என் மனைவியிடம் சொன்னேன், நம்பவில்லை.

பழைய பேய்கள் தியேட்டரைக் காப்பாற்றுவது புதுக் கதையும் இல்லை. 1938-இல் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் ரெஜினா என்ற சின்ன அரங்கு மூடப்படும் நிலைக்கு வந்தது. அதை நடத்தியவர் கடைசி முயற்சியாக ‘டிராகுலா’, ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’, ‘சன் ஆஃப் காங்’ மூன்றையும் ஒரே டிக்கெட்டில் போட்டார். கூட்டம் தெருவை அடைத்தது. அப்போது வேலையில்லாமல் கஷ்டத்தில் இருந்த, டிராகுலாவாக நடித்த பெலா லுகோசியே நேரில் வந்து மேடையேறினார். அதாவது, அங்கேயும் திரைக்கு முன்னால் ஒரு ஆள், அதுவும் டிராகுலாவே. யுனிவர்சல் விழித்துக்கொண்டு முதல் இரண்டு படங்களையும் நாடு முழுக்க மறுபடி வெளியிட்டது. அந்த வசூலைப் பார்த்துத்தான் ‘சன் ஆஃப் ஃப்ராங்கன்ஸ்டைன்’ எடுத்தார்கள், 1939-இல் வந்தது. லுகோசிக்கு அதில் நல்ல வேஷம்.

வெள்ளி இரவு ‘நோஸ்ஃபெராட்டு’. 1922-இல் எஃப்.டபிள்யூ. முர்னாவ் ஜெர்மனியில் எடுத்த மௌனப் படம். டிராகுலா நாவலின் உரிமையை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். எழுதியவரின் மனைவி ஃப்ளோரன்ஸ் ஸ்டோக்கர் விடவில்லை, வழக்குப் போட்டார். பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது. ஆனால் அதற்குள் சில பிரதிகள் நாடு தாண்டிவிட்டிருந்தன. அழிக்கச் சொன்ன படத்தைத்தான் நூறு வருஷம் கழித்து, அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில், ஆர்கன் வாசிப்போடு பார்த்துக்கொண்டிருந்தோம். இந்தப் படத்துக்கு உரிமைத் தொகை எதுவும் கிடையாது என்பதும் சின்ன ஊர் விழாக்களில் இது தவறாமல் இடம்பெற ஒரு காரணம். யுனிவர்சல் மாதிரி இடங்களிலிருந்து படம் எடுத்தால் குறைந்தபட்சக் கட்டணமோ வசூலில் பங்கோ, எது அதிகமோ அதைக் கொடுத்தாக வேண்டும். அதனால் ஒவ்வொரு விழாவிலும் உரிமை காலாவதியான படங்கள் இரண்டு மூன்று கட்டாயம் இருக்கும். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தாலே கணக்குப்பிள்ளையின் கை தெரியும்.

ஆர்கன் வாசித்த பெண்மணி சுமார் ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மேலங்கிக்காரர் செய்கிற வேலையைத்தான் அவரும் செய்தார், வாய் திறக்காமல். கப்பலில் ரத்தக்காட்டேரியாக நடித்த மாக்ஸ் ஷ்ரெக் சவப்பெட்டியிலிருந்து பலகை மாதிரி விறைப்பாக நிமிர்கிற இடத்தில் வாசிப்பைச் சட்டென்று நிறுத்திவிட்டார். பக்கத்து வரிசையில் சூனியக்காரி வேஷத்தில் இருந்த சிறுமி அப்பாவின் மடிக்குத் தாவினாள். மூன்று நாளில் நான் பார்த்த நிஜமான பயம் என்று அதைச் சொல்லலாம்.

‘டிராகுலா’ பற்றி என் கருத்தைச் சொன்னால் விழாக்காரர்கள் அடிக்க வருவார்கள். முதல் இருபது நிமிஷம் அற்புதம், அதற்கப்புறம் இங்கிலாந்துக்கு வந்ததும் எல்லோரும் வரவேற்பறையில் நின்றுகொண்டு பேசிக்கொண்டே இருக்கிறார்கள். ஆரம்பப் பெயர்ப்பட்டியலில் ‘ஸ்வான் லேக்’ இசை வரும், பிறகு பெரும்பாலும் இசையே இல்லை. லுகோசி மாடிப்படியில் நிற்கும் காட்சிக்குக் கைதட்டல். கோட்டைக்குள் அர்மடில்லோ என்ற அமெரிக்க ஜந்து குடுகுடுவென ஓடும் காட்சிக்கு அதைவிடப் பெரிய கைதட்டல். டிரான்சில்வேனியாவில் அது எப்படி வந்தது என்று யாருக்கும் தெரியாது. இதே அரங்க அமைப்புகளில் இரவு நேரத்தில் வேறு குழு ஸ்பானிய மொழியில் இன்னொரு ‘டிராகுலா’ எடுத்தது. கேமரா நகர்வு அதில்தான் நன்றாக இருக்கும். அதைப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு விஷயம். ‘டிராகுலா’வின் முடிவிலும் முதலில் வான் ஸ்லோன் திரைக்கு முன்னால் வந்து பேசினார்: வீட்டுக்குப் போய் ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தால், தைரியமாக இருங்கள், ஏனென்றால் இப்படிப்பட்டவை நிஜமாகவே இருக்கின்றன என்று. 1936-இல் மறுவெளியீட்டின்போது, மத அமைப்புகள் கோபிக்கும் என்று பயந்து அதை நீக்கிவிட்டார்கள்.

‘ஃப்ராங்கன்ஸ்டைன்’ வேறு ரகம். பெயர்ப்பட்டியலில் அந்த உருவமாக நடித்தவரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். கடைசியில்தான் போரிஸ் கார்லாஃப் என்று சொல்வார்கள். ஜாக் பியர்ஸ் தினம் நாலு மணி நேரம் போல உட்கார வைத்துப் போட்ட ஒப்பனை அது. கார்லாஃபின் கண் இமைகள் கனமாகத் தொங்குவதைத் திரை இவ்வளவு பெரிதாக இருக்கும்போதுதான் கவனிக்க முடிகிறது. ஏரிக்கரைக் காட்சியைத்தான் சொல்ல வேண்டும். சின்னப் பெண் மரியா பூக்களைத் தண்ணீரில் போட்டு மிதக்கவிடுகிறாள், அதற்கும் பாதிப் பூக்களைக் கொடுக்கிறாள். அது சிரிக்கிறது, படம் முழுக்க அது சந்தோஷமாகச் சிரிப்பது இங்கேதான். பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. வெறும் கையைப் பார்க்கிறது, அவளைப் பார்க்கிறது, தூக்கித் தண்ணீரில் போடுகிறது. அவள் மிதக்கவில்லை. பதறிப்போய்த் தண்ணீருக்குள் கையைவிட்டுத் தேடிவிட்டு ஓடுகிறது.

தணிக்கைக்காரர்கள் வெட்டியது, தூக்கிப் போடுகிற இடத்தை. அதனால் ஐம்பது வருஷம்போல ஜனங்கள் பார்த்தது இவ்வளவுதான்: உருவம் சிறுமியை நோக்கிக் கையை நீட்டுகிறது, அடுத்து அவளுடைய அப்பா பிணத்தைத் தூக்கிக்கொண்டு ஊருக்குள் நடந்து வருகிறார். நடுவில் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொருவரும் தங்கள் மனசுக்குத் தோன்றியதை நிரப்பிக்கொண்டார்கள். குழந்தைத்தனமான ஒரு தவறை வெட்டி எடுத்துவிட்டு, அதைவிடக் கேவலமான ஒன்றைக் கற்பனைக்கு விட்டார்கள். எண்பதுகளில்தான் அந்தத் துண்டைத் திரும்பச் சேர்த்தார்கள். மேலங்கிக்காரர் இதைப் படத்துக்கு முன்பே விளக்கியிருந்தார், கிண்டல் இல்லாமல். சனிக்கிழமை அந்தக் காட்சியில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

பிறகு கூத்துக்குத் திரும்பினோம். இயக்குநர் வில்லியம் காஸிலின் ‘ஹவுஸ் ஆன் ஹாண்டட் ஹில்’, 1959. காஸில் படம் எடுத்ததைவிட விற்றதுதான் அதிகம். 1958-இல் ‘மகாபர்’ படத்துக்கு, பார்த்துப் பயந்து செத்தால் ஆயிரம் டாலர் என்று லண்டன் லாய்ட்ஸில் இன்ஷூரன்ஸ் எடுத்து, டிக்கெட்டோடு பத்திரமும் கொடுத்தார். ‘தி டிங்லர்’ படத்துக்குச் சில இருக்கைகளுக்கு அடியில் மோட்டார் வைத்து அதிரவிட்டார். ‘ஹாண்டட் ஹில்’லில் நடிகர் வின்சென்ட் பிரைஸ் எலும்புக்கூட்டைக் கம்பியில் ஆட்டுகிற கட்டத்தில், தியேட்டருக்குள்ளேயே பார்வையாளர் தலைக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு பறந்து வரும். பயந்தவர்களைவிடப் பாப்கார்ன் டப்பாவால் அதைக் குறிவைத்து அடித்த பையன்கள்தான் அதிகம் என்பார்கள்.

எங்கள் ஊர்க்காரர்களும் விடவில்லை. பால்கனிப் பூட்டைத் திறந்து கயிறு கட்டி எலும்புக்கூட்டை அனுப்பினார்கள். பாதி வழி வந்தது, பத்தாவது வரிசைக்கு மேலே சிக்கிக்கொண்டது. மேலே இரண்டு பேர் கிசுகிசுத்துக்கொண்டு கயிற்றை உலுக்க, அது காலை ஆட்டியதே தவிர நகரவில்லை. படம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. கடைசியில் மேலங்கிக்காரரே துடைப்பத்தோடு வந்து கீழிருந்து தள்ளினார். மூன்று நாளிலும் அதிகக் கைதட்டல் வாங்கியது அந்தத் துடைப்பம்.

இந்த மேலங்கி வேஷத்துக்கு ஒரு பரம்பரை உண்டு. 1957-இல் யுனிவர்சலின் பழைய படங்கள் 52-ஐ ஒரே கட்டாகத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். ‘ஷாக்’ என்று அந்தக் கட்டுக்குப் பெயர். ஒவ்வோர் ஊர் நிலையமும் நள்ளிரவில் படம் போட, நடுவில் வந்து கேலி பேச வேஷதாரி ஒருவரை வைத்தது. பிலடெல்பியாவில் ஜான் ஸாக்கர்லி. பிட்ஸ்பர்க்கில் பில் கார்டில், பட்டப்பெயர் ‘சில்லி பில்லி’. 1963-இல் தொடங்கி இருபது வருஷம் போல, சனிக்கிழமை இரவென்றால் அவர்தான். நம்மவர்களுக்கு இந்தப் பெயர் ஒன்றும் சொல்லாது. ஆனால் இந்தப் பக்கத்தில் அறுபது வயது தாண்டிய யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். என் பக்கத்து இருக்கைப் பாட்டி, அண்ணன் தம்பிகளோடு சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவர் நிகழ்ச்சியைப் பார்த்த கதையை இடைவேளை முழுக்கச் சொன்னார்.

அதனால் சனி இரவு கடைசிப் படத்தில் கார்டிலின் முகம் திரையில் வந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. படம் ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’. ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் பிட்ஸ்பர்க்கில் விளம்பரப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் டாலர் போலச் செலவில், எவான்ஸ் சிட்டி என்ற ஊரைச் சுற்றி எடுத்தார்கள். இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். இடிக்கப்போகிற பண்ணை வீடு ஒன்று கிடைத்ததால் ஜன்னலை உடைக்கவும் சுவரில் ஆணி அடிக்கவும் தயக்கமில்லை. ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப், கறுப்பு வெள்ளையில் வித்தியாசம் தெரியாது. விநியோகஸ்தர் கடைசியில் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய பெயர் அட்டையோடு காப்புரிமை அறிவிப்பும் போய்விட்டது. அன்றைய சட்டப்படி அந்த அறிவிப்பு இல்லையென்றால் உரிமையே இல்லை. எடுத்தவர்களுக்குப் பெரிய நஷ்டம், இந்த மாதிரி தியேட்டர்களுக்கு ஐம்பது வருஷமாக இலவசப் படம்.

கார்டில் அதில் பல்லைக் காட்டுகிற வேஷதாரியாக வரவில்லை. தொலைக்காட்சி நிருபராகவே வருகிறார், மைக்கோடு, வயலில், எழுந்து நடக்கும் பிணங்களை வேட்டையாடும் துப்பாக்கிக் கும்பலுக்கு நடுவில் நின்று ஷெரீஃபைப் பேட்டி காண்கிறார். பிட்ஸ்பர்க்காரர்களுக்கு அன்று இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தேன். வாராவாரம் ‘இதெல்லாம் சும்மா’ என்று சொல்லிக் கண்ணடிக்கிறவர், இப்போது கண்ணடிக்கவில்லை. அந்தக் கும்பல்தான் இரவு முழுக்கப் போராடித் தப்பித்த நாயகன் பென்னை விடிந்ததும் சுட்டுக் கொல்கிறது. பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பர். அவர் உடலைக் கொக்கி போட்டு இழுப்பதைப் பத்திரிகைப் புகைப்படங்கள் மாதிரி ஒவ்வொன்றாகக் காட்டுகிறார்கள். முடித்த படத்தை நியூயார்க்குக்குக் காரில் கொண்டுபோகும் வழியில்தான் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியில் கேட்டதாக ரொமேரோ சொல்லியிருக்கிறார். அது 1968 ஏப்ரல்.

பிட்ஸ்பர்க்கின் ஃபுல்ட்டன் தியேட்டரில் அக்டோபர் 1-ஆம் தேதி படம் வெளியானது. அமெரிக்காவில் வயது வாரியான தரச்சான்று முறை அமலுக்கு வந்தது நவம்பர் 1. அந்த இடைவெளியை யாரும் சட்டை செய்யவில்லை. பேய்ப் படம் என்றால் பையன்கள் கூச்சல் போடுகிற சமாச்சாரம் என்று நினைத்த தியேட்டர்கள் இதையும் பகல் காட்சியாகப் போட்டன. 1969 தொடக்கத்தில் விமர்சகர் ரோஜர் ஈபர்ட் சிகாகோவில் அப்படியொரு காட்சிக்குப் போய், குழந்தைகள் சத்தமில்லாமல் அழுததைப் பற்றி எழுதினார். எச்சரிக்கை செய்ய அங்கே எவரும் இல்லை. அதன்பின் அந்த வேலையைச் சுவரொட்டி மூலையில் இருக்கும் தரச்சான்றின் ஒற்றை எழுத்து எடுத்துக்கொண்டது.

படம் விட்டதும் என் மகள் கேட்டது: “அப்பா, மத்ததுக்கெல்லாம் பயமா இருக்கும்னு சொன்னாரே, இதுக்கு மட்டும் ஏன் அந்த அங்கிள் ஜோக் அடிச்சுட்டுப் போயிட்டார்?” அவளுக்குப் பதினைந்து வயசு, அதனால் பதில் கேட்டுவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. காரில் வீடு வரும்வரை அந்த ஷெரீஃபைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’, முப்பரிமாணத்தில். 1954-இல் இந்தப் படம் சிவப்பு நீலக் கண்ணாடியில் ஓடவில்லை, சாம்பல் நிறப் போலராய்டு கண்ணாடியில்தான் ஓடியது. இவர்கள் கொடுத்தது சிவப்பு நீலம், தலைவலிதான் மிச்சம். ஆனாலும் அந்த மீன் மனிதனைப் பார்க்க வேண்டும். அதை வடிவமைத்ததில் மிலிசென்ட் பேட்ரிக் என்ற பெண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. ஒப்பனைத் துறைத் தலைவர் பெருமையை எல்லாம் தன் பக்கம் வைத்துக்கொண்டதால் பல வருஷம் அது வெளியே தெரியவில்லை. தரையில் நடப்பவர் பென் சாப்மன், தண்ணீருக்குள் நீந்துபவர் ரிக்கோ பிரவுனிங். நாயகிக்குக் கீழே அது மல்லாந்தபடி கூடவே நீந்துகிற காட்சிக்கு இந்தத் தலைவலி தாங்கலாம்.

வாசலில் அடுத்த வருஷத்துக்கு என்ன படம் வேண்டும் என்று சீட்டு எழுதிப் போட ஒரு பூசணிக்காய் வைத்திருந்தார்கள். நான் ஸ்பானிய ‘டிராகுலா’ என்று எழுதினேன். மகள் எதையோ எழுதி மடித்துப் போட்டாள், காட்டவில்லை. மேலங்கியைக் கழற்றி, முகப்பூச்சைப் பாதி துடைத்த நிலையில் அந்த மனிதர் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, பாய்லர் பழுதுபார்க்க எவ்வளவு குறைகிறது என்று இன்னொருவரோடு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.